ஒன்றரை வருடமாக என் முதுகில் ஒட்டியிருக்கும் டென்ஸ் கருவி

தையல் மெஷின் முன்னால் நாற்பது நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருப்பதுதான் என் நாளில் கஷ்டமான வேலை. இரண்டு உள்ளங்கையையும் மேஜையில் ஊன்றி, வலது காலைக் கொஞ்சம் வெளியே தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுவேன். நிமிர்ந்ததும் தோள்பட்டைகளுக்கு நடுவில் குடைச்சல், இடுப்பில் பிடிப்பு, முழங்காலில் சுரீர். இந்த மூன்றுக்காகவும்தான் ஒன்றரை வருடத்துக்கு முன்னால், தோலில் ஒட்டி மெல்லிய மின் துடிப்பால் வலியைக் குறைக்கும் டென்ஸ் கருவி வாங்கினேன். வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் திட்டித்தான் எழுதியிருப்பேன். நன்றாகப் பழகிய பிறகு இப்போது எழுதுகிறேன்.

எனக்கு வயது 51. இருபத்தாறு வருடமாகத் தையல் தொழில். ஒன்பது வருடமாக ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பு முழுக்க வலியும் களைப்பும் விடாமல் இருக்கும் நோய். நாலு வருடமாக வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானமும் சேர்ந்துகொண்டது. தேய்மானம் எக்ஸ்ரேயில் தெரியும், அதனால் எல்லோரும் நம்புவார்கள். ஃபைப்ரோமயால்ஜியா எந்த ஸ்கேனிலும் தெரியாது. ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்" என்ற வாக்கியத்தை நான் கேட்காத மருத்துவமனை இல்லை. ஒரு வழியாக ஒரு வாதநோய் நிபுணர்தான் கழுத்து, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று ஒவ்வொரு இடமாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துப் பெயர் சொன்னார். 1990-ல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் சங்கம் வகுத்த முறை அது: 18 புள்ளிகளில் 11-ல் வலிக்க வேண்டும். 2010-ல் அதே சங்கம் வெளியிட்ட வரையறையில் அழுத்திப் பார்ப்பது கட்டாயமில்லை. எங்கெங்கே வலி, எவ்வளவு களைப்பு, தூங்கி எழுந்தால் தெளிச்சி இருக்கிறதா, ஞாபகம் தடுமாறுகிறதா என்று கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். அந்தக் கேள்விகளை முதலிலேயே யாராவது கேட்டிருந்தால் எனக்கு மூன்று வருடம் மிச்சமாகியிருக்கும்.

சரி, கருவிக்கு வருகிறேன். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து இரண்டு வயர். ஒவ்வொரு வயரும் நுனியில் இரண்டாகப் பிரியும், ஒவ்வொரு பிரிவின் முனையிலும் ஒட்டிக்கொள்ளும் பேட் ஒன்று. ஆக இரண்டு சேனல், நான்கு பேட். தோலில் ஒட்டி, பட்டனை அழுத்தி ஒவ்வொரு படியாக ஏற்றினால் மிக மெல்லிய மின் துடிப்பு தோல் வழியாகப் போகும். முதலில் எறும்பு ஊர்வதுபோல, பிறகு விறுவிறுவென்று, இன்னும் ஏற்றினால் தசை தன்னால் துள்ளும். துள்ளுவதற்கு ஒரு படி முன்னால் நிறுத்திக்கொள்ள வேண்டும். என் கருவியில் வேகத்தை 2 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை மாற்றலாம், அதாவது ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது. நேரம் வைத்தால் தானாக நின்றுவிடும். பேட்டரியை சார்ஜ் செய்துகொள்ளலாம்.

இது எப்படி வலியைக் குறைக்கும் என்று புரிந்துகொள்ளாமல் நான் எதையும் உடம்பில் ஒட்டமாட்டேன். தேடிப் படித்தேன். கதவின் இடுக்கில் விரல் நசுங்கினால் யாரும் சொல்லித்தராமலே இன்னொரு கையால் அழுத்தித் தேய்க்கிறோம், இல்லையா? வலி கொஞ்சம் அடங்குகிறது. தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் தடிமனானவை, வேகமானவை. வலியைக் கொண்டுபோகும் இழைகள் மெல்லியவை. இரண்டும் தண்டுவடத்தில் சந்திக்கும் இடத்தில் ஒரு வாசல் மாதிரி அமைப்பு இருக்கிறது, தொடு உணர்ச்சி நிறைய வந்தால் அந்த வாசல் வலிக்குப் பாதி மூடிக்கொள்ளும் என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவரும் 1965-ல் எழுதினார்கள். நுணுக்கங்கள் பிறகு நிறைய மாறிவிட்டன, ஆனால் டென்ஸ் கருவி பிறந்தது அந்த எண்ணத்திலிருந்துதான். உடம்பே சுரக்கும் வலி அடக்கும் பொருட்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்று பின்னால் கண்டார்கள். இன்னொன்று படித்தேன், அதை மறக்கவே முடியவில்லை: கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய மருத்துவர், கால் மூட்டு வாதம் வந்தவர்களை உயிரோடு இருக்கும் மின் திருக்கை மீனின் மேல் காலை வைத்து நிற்கச் சொல்லியிருக்கிறார், முழங்கால் வரை மரத்துப்போகும்வரை. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னாலும் யாரோ ஒருவர் என்னைப் போலவே வலி தாங்காமல் கடற்கரைக்குப் போய் நின்றிருக்கிறார் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

முதல் ஒரு மாதம் கருவி எனக்கு உதவவே இல்லை. காரணம் நான் பயன்படுத்திய விதம். பகலெல்லாம் தைத்து முடித்து, வலி முற்றிய பிறகு, இரவு படுத்துக்கொண்டு ஒட்டிக்கொள்வேன். விறுவிறுப்பு இருக்கும்வரை கவனம் அதில் போகும். நிறுத்தினால் பத்து நிமிடத்தில் பழைய குடைச்சல். அட்டைப் பெட்டியில் போட்டு பரணில் வைத்துவிடலாம் என்றுகூட நினைத்துவிட்டேன். முழங்காலுக்குப் பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் போகிறபோக்கில் இதைச் சொன்னேன். அவர் கேட்டது இதுதான்: "படுத்துக்கிட்டு ஏங்க போடுறீங்க? எழுந்திருக்கிறப்போதானே வலிக்குதுன்னு சொல்றீங்க. எழுந்திருக்கிறப்போ போடுங்க. வேலை செய்யும்போது போட்டுக்கிட்டே வேலை செய்யுங்க."

இத்தனை எளிய விஷயத்தை கருவியோடு வந்த கையேட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. அதில் இருந்த படங்கள் எல்லாம் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பவர்கள். இந்தக் கருவியை விற்பவர்கள் மேல் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான்.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். தையல் அளவு எழுதும் நோட்டின் பின்பக்கம். தினம் நாலு எண். கருவி இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது வலி பத்துக்கு எத்தனை, நாற்காலியிலிருந்து எழும்போது எத்தனை; கருவி போட்டு அரை மணி கழித்து அதே இரண்டும். ஆறு வாரம் எழுதினேன். உட்கார்ந்திருக்கும்போது பெரிதாக மாற்றமே இல்லை. ஐந்து ஐந்தாகவே இருக்கும், சில நாள் நான்கு. எழும்போதுதான் மாற்றம். கருவி இல்லாமல் எட்டு என்று எழுதிய நாட்களில், போட்டுக்கொண்டு எழுந்தால் ஐந்து. எட்டுக்கும் ஐந்துக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று வலி இல்லாதவர்கள் கேட்கலாம். எட்டு என்றால் எழ வேண்டுமே என்று பயந்து, தாகம் எடுத்தாலும் அப்படியே உட்கார்ந்திருப்பது. ஐந்து என்றால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவது.

அப்புறம்தான் அந்த ஆராய்ச்சி கண்ணில் பட்டது. 2020-ல் வெளியானது. ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 301 பெண்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான டென்ஸ், ஒரு குழுவுக்குப் போலிக் கருவி, ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை. மேல் முதுகிலும் கீழ் முதுகிலும் ஒட்டிக்கொண்டு, தாங்கக்கூடிய அதிகபட்ச அளவில், தினம் இரண்டு மணி நேரம், வேலை செய்யும்போது போட வேண்டும். நாலு வாரம் கழித்து, அசையும்போது வரும் வலியும் களைப்பும் உண்மையான டென்ஸ் போட்டவர்களுக்கு மற்ற இரண்டு குழுவையும்விட அதிகமாகக் குறைந்திருந்தது. படித்து முடித்துவிட்டு என் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லா ஆராய்ச்சியும் இப்படிச் சாதகமாக இல்லை. நாள்பட்ட வலிக்கு டென்ஸ் குறித்து வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த காக்ரேன் குழு, 2019-ல், பயன் உண்டு என்றோ இல்லை என்றோ உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-ல் நாள்பட்ட வலிக்கும், 2022-ல் மூட்டுத் தேய்மானத்துக்கும் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் டென்ஸைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே மருத்துவர்களிடம் சொல்கிறது. அதனால் என் வார்த்தையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். முடிந்தால் பிசியோதெரபிஸ்டிடம் அவர்களது கருவியில் நாலைந்து முறை போட்டுப் பாருங்கள். அதுவும் நடந்துகொண்டு, குனிந்து நிமிர்ந்து, படி ஏறிப் பாருங்கள். அவர்களது கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது.

வேலை செய்துகொண்டே போடுவது என்று முடிவு செய்ததும் இரண்டு சிக்கல் வந்தது. முதலாவது வயர். நான் குனிந்து துணியை இழுக்கும்போது மேஜை விளிம்பில் மாட்டும். ஒருமுறை கத்தரிக்கோலின் கைப்பிடியில் சிக்கி, ஒரு பேட் பாதி பிய்ந்துவிட்டது. பாதி மட்டும் ஒட்டியிருந்தால் அத்தனை மின்சாரமும் அந்தச் சின்ன இடத்தில் இறங்கும். ஊசியால் குத்தியதுபோல் சுரீரென்றது. ஆபத்து ஒன்றுமில்லை, ஆனால் பதறிவிட்டேன். கருவியின் பின்புறக் கிளிப் இடுப்பில் நிற்கவே இல்லை, இரண்டாம் நாளே வழுக்கி விழுந்தது. கடைசியில் மீந்த பருத்தித் துணியில் ஒரு இடுப்புப் பட்டை தைத்து, பெட்டிக்கு ஒரு பை, வயரைச் சுருட்டி வைக்க ஒரு மடிப்பு, பட்டன் தெரிய ஒரு சின்ன ஜன்னல் வைத்துக்கொண்டேன். தைக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. இதைத் தயாரிப்பவர்கள் பட்டையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் முதுகு. தோள்பட்டைகளுக்கு நடுவில் என் கை எட்டாது. என் கணவர் ஒட்டுவார். "இங்கேயா? இன்னும் கொஞ்சம் மேலேயா?" என்று கேட்டுக் கேட்டு ஒட்டுவார், பாவம், ஆனால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில் உட்காரும். இரண்டு விரற்கடை தள்ளிப்போனாலே பலன் மாறிவிடுகிறது. ஒரு நாள் நல்ல பலன் கிடைத்தபோது, பேட்டுகளைக் கழற்றுவதற்கு முன் அவற்றைச் சுற்றி மார்க்கிங் சாக்கால் கோடு போடச் சொன்னேன். பிறகு பேட்டர்ன் வெட்டும் பழுப்புக் காகிதத்தை முதுகில் வைத்து, கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தை மேல் அடையாளமாகவும், முதுகெலும்பை நடுக்கோடாகவும் குறித்து, நான்கு ஜன்னல் வெட்டினோம். சட்டையின் பின்பக்கத்துக்குப் பேட்டர்ன் வெட்டுவதும் இதுவும் ஒரே வேலைதான். இப்போது என் மகள்கூட கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவாள். காகிதத்தைக் கழுத்தில் பொருத்தி, நடுக்கோட்டைப் பார்த்து, ஜன்னல்களுக்குள் பேட்டை அழுத்தினால் முடிந்தது. அரை நிமிடம். அந்தக் காகிதத்தில் "அம்மா முதுகு" என்று எழுதி மெஷின் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள்.

முழங்காலுக்குப் பேட்டர்ன் தேவையில்லை. சில்லைச் சுற்றி நான்கு மூலையில் நான்கு பேட், ஒரு சேனலின் இரண்டு பேட் குறுக்காக, இன்னொன்று அதற்கு எதிர்க் குறுக்காக. படி ஏறி இறங்கும் நாட்களில் மட்டும் அப்படி.

ஒரு எச்சரிக்கை, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. கருவி போட்டுக்கொண்டு நன்றாக இருந்த ஒரு நாள், அவசர ஆர்டர், பதினோரு சட்டைக் காலர். எழாமல் நாலு மணி நேரம் தைத்துவிட்டேன். கருவி வலியின் சத்தத்தைத்தான் குறைத்திருந்தது, உடம்பு பட்ட பாடு அப்படியே இருந்தது. அடுத்த மூன்று நாள் தலை சீவக் கை தூக்க முடியவில்லை. ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்கு இந்தக் கதை தெரியும்: நல்ல நாளில் இரண்டு நாள் வேலையைச் செய்வது, அதற்கு நாலு நாள் படுப்பது. அதற்குப் பிறகு கருவியின் டைமரை முப்பது நிமிடத்தில் வைக்கிறேன். அது நின்றால் நானும் எழுந்துவிட வேண்டும், ஐந்து நிமிடம் நடக்க வேண்டும், அப்புறம்தான் மறுபடி ஆன் செய்வது. வலி குறைக்க வாங்கிய கருவியை இப்போது மணியடிக்கும் கடிகாரமாகவும் வைத்திருக்கிறேன் என்றால் அது மிகையில்லை. சொல்லப்போனால் எனக்கு அதிகம் உதவியது இதுதானோ என்றுகூடத் தோன்றும்.

வலி பொங்கும் நாட்களில் இந்தக் கருவியால் ஒன்றும் ஆகாது. அந்த நாட்களில் போர்வை பட்டாலே தோல் எரியும், பேட்டை அழுத்தி ஒட்டுவது எங்கே? காலையில் எழுந்ததும் உடம்பு முழுக்க இருக்கும் விறைப்புக்கும், எந்த வார்த்தையும் நாக்கில் வராமல் தடுமாறும் மந்தத்துக்கும் இது மருந்தில்லை. மருத்துவர் கொடுக்கும் மாத்திரையை நான் நிறுத்தவும் இல்லை. தினம் இருபது நிமிட நடையும் முழங்கால் பயிற்சியும் தொடர்கிறது. கருவி வந்த பிறகு அந்த நடையை விடாமல் நடக்க முடிகிறது.

வேகத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒரே வேகம், ஒரே அளவு என்று தினமும் வைத்தால் சில நாளிலேயே உடம்பு பழகி, பலன் தேய்ந்துவிடும். எனக்கு இரண்டாவது மாதம் அப்படி ஆனது, கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். வேகம் ஏறி இறங்கும்படி தானாக மாறிக்கொள்ளும் முறை ஒன்று என் கருவியில் இருக்கிறது. அதற்கு மாற்றியதும் சரியானது. வாங்கும்போது அந்த வசதி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பட்டன்களையும் பாருங்கள். என்னுடையதில் கூட்டும் பட்டனும் குறைக்கும் பட்டனும் பக்கத்துப் பக்கத்தில், அரிசி அளவில். விரல் மூட்டு வீங்கியவர்களால் இதை எப்படி அழுத்த முடியும்? வலி உள்ளவர்களுக்காகச் செய்யும் பொருளை வலி உள்ள ஒரு கையில் கொடுத்துப் பார்த்திருக்க மாட்டார்களா என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். தப்பான பட்டன் அழுந்தி திடீரென்று ஏறிவிடாமல் இருக்கப் பூட்டு வசதி இருப்பது மட்டும் ஆறுதல்.

வயர் ஏழாவது மாதம் போனது. பெட்டியில் சொருகும் இடத்துக்குப் பக்கத்திலேயே உள்ளுக்குள் அறுந்து, ஒரு சேனல் விட்டு விட்டு வந்தது. கடைக்காரர் "பேட் தீர்ந்துபோயிருக்கும், புது பேட் போடுங்க" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாவது முறை நல்ல சேனலின் வயரைக் கழற்றி மாற்றிச் சொருகி, அவர் கண்முன்னே காட்டிய பிறகுதான் வயர்தான் என்று ஒப்புக்கொண்டார். நீங்களும் முதலில் அப்படி மாற்றிச் சொருகிப் பாருங்கள், அலைச்சல் மிச்சம்.

பேட்டுகள்தான் தொடர்ந்து ஆகும் செலவு. எனக்கு ஒரு செட் இருபது முதல் முப்பது தடவை வரை ஒட்டும். தோலில் தைலமோ கிரீமோ இருந்தால் ஐந்து தடவையிலேயே போய்விடும், அதனால் காலையில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த முதுகில்தான் ஒட்டுகிறோம். வலிக்குத் தைலம் தேய்க்கும் வழக்கத்தை இரவுக்கு மாற்றிக்கொண்டேன். கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, பேட்டின் ஓரத்தைத் தூக்கி உரிக்க வேண்டும். முன்னதாகக் கருவியை அணைத்திருக்க வேண்டும். கழற்றியதும் ஒரு சொட்டுத் தண்ணீரை விரலால் தடவி, அதோடு வந்த பிளாஸ்டிக் தாளிலேயே ஒட்டி வைத்தால் பசை காயாது. முதல் கோடையில் எனக்குப் பேட் ஒட்டிய இடம் சதுரம் சதுரமாகச் சிவந்து அரித்தது. அதற்காகப் பேட்டர்ன் காகிதத்தில் இன்னொரு வரிசை ஜன்னல் வெட்டி, ஒரு விரல் தள்ளி ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி ஒட்டுகிறோம். அரிப்பு திரும்ப வரவில்லை.

சிலர் இதைத் தாங்களாகவே தொடக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அப்படியே. கழுத்தின் முன்பக்கம், புண் உள்ள தோல், உணர்ச்சி மரத்துப்போன இடம், ரத்தம் உறைந்த கால், புற்றுநோய்க் கட்டி உள்ள இடம் ஆகியவற்றில் யாரும் ஒட்டக் கூடாது. வண்டி ஓட்டும்போதும், குளிக்கும்போதும், தூங்கும்போதும் வேண்டாம்.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் கருவிக்கு மூன்றரை கொடுப்பேன். அரை குறைந்தது பட்டனுக்கு, அரை வயருக்கு, அரை அந்தச் சாய்வு நாற்காலிப் படங்களுக்கு.

இப்போது முதுகில் இருக்கும் செட் இருபத்தாறாவது முறை. இடது மேல் பேட்டின் ஓரம் தூக்க ஆரம்பித்துவிட்டது. நாளைக் காலை மகள் புதிய செட்டைப் பிரிப்பாள்.